சிறுநீர்த் தாரை மெலியும்போது

வீட்டில் ஒருவர் கழிவறைக்குச் சென்று திரும்ப வழக்கத்தைவிட நேரமாகிறது என்பதை முதலில் கவனிப்பவர் பெரும்பாலும் அவருடைய மனைவியோ தாயோதான். அவர் இரவில் இருமுறை, மும்முறை எழுகிறார். நெடும்பயணம் என்றால் தயங்குகிறார். திருமண வீட்டுக்குப் போனாலும் தண்ணீர் குடிக்க மறுக்கிறார். ஏன் என்று கேட்டால், 'உடம்புச் சூடு' என்ற ஒரு சொல்லில் பேச்சை முடித்துவிடுகிறார். வீட்டாரும் இளநீர் வாங்கி வைக்கின்றனர். பார்லிக் கஞ்சி காய்ச்சுகின்றனர். நெருஞ்சில் கஷாயம் இறக்குகின்றனர். ஆண்டுகள் சில இவ்வாறே கழிகின்றன. பின்னர் ஒருநாள் நள்ளிரவில் ஒரு சொட்டும் வெளிவராமல், அடிவயிறு பானைபோல் புடைத்து, வேதனையில் துடிக்கும் அவரை வாடகை வண்டியில் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடவேண்டி வருகிறது.

அங்கே மருத்துவர், 'ஸ்ட்ரிக்சர்' என்கிறார். சிறுநீர்ப் பையிலிருந்து சிறுநீரை வெளியே கொண்டுவரும் குழாய்க்குச் சிறுநீர்ப் புறவழி என்று பெயர். அக்குழாய் ஓரிடத்தில் சுருங்கிக் குறுகிவிடுவதே ஸ்ட்ரிக்சர். நம் நாட்டு வைத்தியர்கள் நீரடைப்பு, கல்லடைப்பு, சதையடைப்பு என்று சிறுநீர்த் தடைகளைப் பிரித்துப் பேசியிருக்கின்றனர். ஆக, நோய் புதிதன்று. அதைப் பற்றி வாய் திறக்க நாம் கூசுவதும் புதிதன்று.

கூச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. நோய் இருக்கும் இடம் ஒன்று. அதைப் பற்றி உலவும் பழைய எண்ணம் மற்றொன்று. 'தகாத வழியில் சென்றவனுக்கே இது வரும்' என்று நம் முன்னோர் காலத்தில் பேசிக்கொண்டனர். அந்தப் பேச்சு இன்னும் சில வீடுகளில் ஒலித்துக்கொண்டுதான் இருக்கிறது. கணவனுக்கு இந்நோய் என்று கேட்டவுடன் மனைவியின் உள்ளத்தில் ஐயம் எழுகிறது. மனைவி ஐயுறுவாளே என்று அஞ்சிக் கணவன் நோயையே மறைக்கிறான். உண்மையில் ஸ்ட்ரிக்சர் என்பது ஒரு தழும்பு. முழங்காலில் கல் குத்திய புண் ஆறியபின் அங்கே தோல் தடித்து இழுத்துக்கொள்கிறதல்லவா? அதுவே இக்குழாய்க்குள் நிகழ்கிறது. தழும்பு என்று புரிந்துகொண்டால், நோய் ஏன் வருகிறது, ஏன் திரும்பத் திரும்ப வருகிறது, எந்தச் சிகிச்சை பயன்படும், எது பயன்படாது என்பதெல்லாம் ஒவ்வொன்றாய் விளங்கிவிடும்.

தழும்பு எவ்வாறு உண்டாகிறது?

ஆண்களுக்குச் சிறுநீர்ப் புறவழி ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் நீளம். பெண்களுக்கு ஏறத்தாழ 4 சென்டிமீட்டர்தான். ஆணின் குழாய் சிறுநீர்ப் பையிலிருந்து இறங்கி, புராஸ்டேட் சுரப்பியை ஊடுருவி, இடுப்பின் அடியில் வளைந்து, பின் முன்னோக்கி வருகிறது. நீளமும் வளைவும் உடைய காரணத்தால் அடிபட இடமும் அதிகம். இந்நோய் பெண்களிடம் அரிதாகவும் ஆண்களிடம் மிகுதியாகவும் காணப்படுவது இதனாலேயே.

குழாயின் உட்புறத்தில் மென்மையான சவ்வு. அதனைச் சுற்றிலும் இரத்தம் நிறைந்த பஞ்சு போன்ற தசை. சவ்வில் கீறல் விழுந்தால் சிறுநீர் அதன் வழியே பஞ்சுத் தசைக்குள் கசிகிறது. அங்கே அழற்சி ஏற்படுகிறது. புண் ஆறும்போது பஞ்சுத் தசை நார்த் தசையாய் மாறுகிறது. நார்த் தசையின் இயல்பே சுருங்குவது. மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், அது மெல்ல மெல்லச் சுருங்கிக் குழாயை இறுக்குகிறது.

இத்தழும்பு வரும் வழிகள் பல. சைக்கிள் ஓட்டும்போது மிதி தவறி நடுக்கம்பியின்மேல் விழும் சிறுவன், மதில் ஏறிக் குதிக்கையில் கால் வழுக்கி அதன்மேலேயே கவட்டை விரிய விழும் இளைஞன், படகின் விளிம்பில் இடறி விழும் மீனவன் ஆகியோருக்கு இடுப்பெலும்புக்கும் அந்தக் கம்பிக்கும் இடையே இக்குழாய் நசுங்குகிறது. அப்போது ஓரிரு துளி இரத்தம் வந்து நின்றுவிடலாம். வீட்டில் சொன்னால் அடி விழும் என்று சிறுவன் மறைத்துவிடுவான். பத்து ஆண்டுகள் கழித்து, அவன் வேலைக்குப் போகும் வயதில், சிறுநீர்த் தாரை மெலியத் தொடங்கும். பழைய விழுதலை அவனே மறந்திருப்பான். காரணம் தெரியாதவை என்று மருத்துவர்கள் குறிக்கும் ஸ்ட்ரிக்சர்களுள் சில இத்தகைய மறந்துபோன அடிகளாய் இருக்கலாம் என்று கருதப்படுகிறது.

சாலை விபத்துகளில் இடுப்பெலும்பு முறியும்போது இக்குழாய் அறுந்துவிடுவதும் உண்டு. இது வேறு வகை, கடுமையானது. அத்தகையோருக்கு அடிவயிற்றில் துளையிட்டுச் சிறுநீர்ப் பையிலிருந்து நேராக ஒரு குழாய் வைத்துவிட்டு, ஏறத்தாழ மூன்று மாதங்கள் காத்திருந்து, வீக்கமும் இரத்தக்கட்டும் வடிந்த பின்னரே அறுந்த முனைகளைச் சேர்ப்பது பெரும்பாலான மையங்களின் வழக்கம். 'ஏன் உடனே செய்யவில்லை?' என்று உறவினர் மருத்துவரிடம் சண்டைக்குப் போவதை நாம் காண்கிறோம். அந்தக் காத்திருப்பும் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

இனி, பலரும் எதிர்பாராத காரணம் ஒன்று. மருத்துவமனையில் வைக்கப்படும் சிறுநீர்க் குழாயே, அதாவது கதீட்டரே, இத்தழும்புக்கு வழிவகுக்கக்கூடும். வளர்ந்த நாடுகளிலும் நம் நாட்டிலும் இன்று மருத்துவக் கருவிகளால் நேரும் காயம் முக்கியமான காரணங்களுள் ஒன்றாய் எண்ணப்படுகிறது. கதீட்டரின் நுனியில் சிறு பலூன் ஒன்று உண்டு. அது சிறுநீர்ப் பைக்குள் சென்றபின் ஊதப்பட வேண்டும். வழியிலேயே ஊதிவிட்டால் குழாய் கிழிந்துவிடும். நினைவு தப்பிய நோயாளி பலூனோடு கதீட்டரை இழுத்துவிடுவதும் இதே தீங்கைத்தான் செய்யும். 1980-களின் தொடக்கத்தில், இதய அறுவைக்குப் பின் சில மருத்துவமனைகளில் ஸ்ட்ரிக்சர்கள் வரிசையாய்த் தோன்றியபோது ஆராய்ந்து பார்த்தனர். சிலவகை லேடெக்ஸ் ரப்பர்க் குழாய்களிலிருந்து கசிந்த நச்சுப் பொருட்கள் மீது ஐயம் விழுந்தது. நீண்ட நாள் வைக்கவேண்டிய இடங்களில் சிலிக்கோன் குழாய் விரும்பப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். கதீட்டர் உயிர் காக்கும் கருவி. அதனை வெறுக்க வேண்டியதில்லை. ஆனால் முதியவரை வீட்டில் கதீட்டரோடு வைத்துப் பேணும் குடும்பத்தார், குழாயைத் தொடையிலோ அடிவயிற்றிலோ இழுபடாதவாறு ஒட்டிவைக்கவும், சிறுநீர்ப் பையைக் கட்டிலோடு கட்டிவிட்டு அவரைப் புரட்டாதிருக்கவும், தேவை தீர்ந்தவுடன் எடுத்துவிடுமாறு மருத்துவரைக் கேட்கவும் கற்றுக்கொள்ள வேண்டும்.

முன்தோலிலும் மொட்டிலும் வெண்மை படர்ந்து, தோல் காகிதம்போல் மெலிந்து இறுகும் ஒரு தோல்நோய் உண்டு. லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்பது அதன் பெயர். அது நுனியில் தொடங்கி உள்நோக்கிப் பரவிக் குழாய் முழுவதையும் குறுக்கிவிடக்கூடும். அது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதன்று. குழந்தைப் பருவத்தில் சிறுநீர்த் துளை இடம் மாறியிருந்ததற்காக அறுவை செய்துகொண்டவர்கள், புராஸ்டேட் சுரப்பிக்காகக் கருவி வழியே அறுவை செய்துகொண்டவர்கள், அப்பகுதியில் கதிர் சிகிச்சை பெற்றவர்கள் ஆகியோருக்கும் பின்னாளில் இது வரலாம்.

வெட்டை நோய் காரணமில்லையா என்று கேட்கலாம். காரணம்தான். பெனிசிலின் பரவலாவதற்கு முன் அதுவே தலையாய காரணமாய் இருந்தது. பழைய பழிச்சொல் பிறந்ததும் அக்காலத்தில்தான். இன்றும் காலத்தே மருந்து உண்ணாதவர்களுக்கு அது தழும்பை விட்டுச் செல்லும். அந்நோய் இருந்ததாகத் தெரிந்தால் கணவன் மனைவி இருவரும் ஒருங்கே மருத்துவம் பெறுவது முறை. ஆனால் ஸ்ட்ரிக்சர் இருப்பதைக் கொண்டே ஒருவருடைய ஒழுக்கத்தை எடைபோடுவது பேதைமை. மேலே சொன்ன காரணங்களைத் திரும்ப ஒருமுறை படித்துப் பார்த்தால் அது புரியும்.

உடல் தரும் அறிகுறிகள்

இந்நோயின் சூது, அது தாமதமாகவே தன்னைக் காட்டிக்கொள்வதில் இருக்கிறது. குழாய்களின் பருமனை அளக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் அளவு, சாரியேர் என்ற பாரிஸ் நகரத்துக் கருவி வினைஞர் 19-ஆம் நூற்றாண்டில் வகுத்தது. அதில் ஓர் அலகு என்பது மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. வளர்ந்த ஆணின் சிறுநீர்ப் புறவழி பொதுவாக 24 அலகுக்கு மேற்பட்ட கருவியை, அதாவது 8 மில்லிமீட்டர் பருமனுள்ளதை, ஏற்கும். அது ஏறத்தாழ 10 அலகு அளவுக்குக் குறுகிய பின்னரே தாரை கண்ணுக்குத் தெரியும்படி மெலிகிறது. ஆகவே, 'இப்போதுதான் தொடங்கியிருக்கிறது' என்று நோயாளி சொல்லும்போது உள்ளே பாதிக்கு மேல் அடைந்திருக்கும்.

தாரை மெலிவது, முக்க வேண்டியிருப்பது, கழித்து முடிக்க நெடுநேரமாவது, தாரை இரண்டாய்ப் பிளந்தோ தெறித்தோ வருவது, முடிந்தபின்னும் சொட்டிக்கொண்டிருப்பது, முழுதும் கழியவில்லை என்ற உணர்வு, அடிக்கடி நீர்க்கடுப்பும் காய்ச்சலும், விதையில் வீக்கமும் வலியும் ஆகியவை அறிகுறிகள். விந்து வெளியேறத் தடையிருப்பதால் குழந்தைப் பேறு தள்ளிப்போவதும் சிலருக்கு உண்டு. கவனியாமல் விட்டால் சிறுநீர்ப் பை முதலில் தன் சுவரைத் தடித்துக்கொண்டு போராடும், பின்னர் தளர்ந்துபோகும். தேங்கிய நீரில் கல் விளையும். குறுக்கத்துக்குப் பின்னால் சீழ் கட்டி, விதைப்பைக்குக் கீழே பல துளைகளாய் உடைத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் வழியேயும் சிறுநீர் கசியும் நிலைகூட ஏற்படும். அந்நிலைக்கு ஆங்கில மருத்துவர்கள் பூவாளியின் பெயரையே சூட்டினர். இறுதியில் தடை மேல்நோக்கிச் சிறுநீரகங்களைத் தாக்குகிறது. ஒரு சில மில்லிமீட்டர் தழும்பு ஒருவரை டயாலிசிஸ் கட்டிலுக்குக் கொண்டுசெல்ல முடியும் என்பது மிகைக்கூற்று அன்று.

எனினும், மெலிந்த தாரை எல்லாம் ஸ்ட்ரிக்சர் அன்று. ஐம்பது வயதைக் கடந்தவருக்குப் புராஸ்டேட் வீக்கமாய் இருக்கலாம்; நீரிழிவால் சிறுநீர்ப் பை வலுவிழந்திருக்கலாம். பிரெஞ்சு எழுத்தாளர் ரூசோ, தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் சிறுநீர்த் தொல்லையில் கழித்தவர். குழாய்க்குள் செலுத்தும் சலாகைகளைப் புகழ்பெற்ற மருத்துவர் ஒருவரிடமிருந்து பெருந்தொகை கொடுத்து வாங்கிச் சேமித்தும் வைத்தார். 1778-இல் அவர் இறந்தபின் உடலை அறுத்துப் பார்த்தவர்கள் அவ்வழியில் குறிப்பிடத்தக்க தடை எதையும் காணவில்லை. அறிகுறியை மட்டும் நம்பி வாழ்நாள் முழுதும் குழாய்க்குள் கருவி விட்டுக்கொண்டிருந்த அந்த மனிதரை நினைத்தால் இரக்கம் உண்டாகிறது. இன்று அந்த இருட்டு நமக்கில்லை, சோதனைகள் இருக்கின்றன.

முதற்சோதனை மிக எளியது. ஒரு கருவிக்குள் சிறுநீர் கழிக்க வேண்டும், அவ்வளவே. நொடிக்கு எத்தனை மில்லிலிட்டர் வருகிறது என்று அது வரைந்து காட்டும். நலமுள்ள இளைஞருக்கு உச்ச வேகம் நொடிக்கு 15 மில்லிலிட்டருக்கு மேல் இருக்கும். கோடு மணியின் வடிவில் ஏறி இறங்கும். ஸ்ட்ரிக்சர் உள்ளவருக்கு அது தாழ்வாய், மேசைபோல் தட்டையாய் நீண்டு செல்லும். கழித்தபின் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்பதை ஸ்கேன் காட்டிவிடும். ஆனால் குறுக்கம் எங்கே, எத்தனை நீளம் என்பதைச் சொல்வது, மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே படமே. நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, நுனித் துளை வழியே மருந்தை மெல்லச் செலுத்திப் படம் எடுப்பர்; பின் அவர் சிறுநீர் கழிக்கும்போதே மற்றொரு படம். சிறிது எரிச்சல் உண்டு. சில நிமிடங்களில் முடிந்துவிடும். இந்தப் படம் இல்லாமல் சிகிச்சை முறையை முடிவு செய்வது, அளவெடுக்காமல் துணி வெட்டுவது போன்றது. அவசர நிலை தவிர மற்ற நேரங்களில், 'படம் எடுத்தாயிற்றா?' என்று கேட்க நோயாளிக்கு முழு உரிமை உண்டு.

விரிப்பதும் வெட்டுவதும்

கஷாயங்களைப் பற்றி ஒரு சொல். நெருஞ்சிலும் வாழைத்தண்டும் பார்லியும் சிறுநீரைப் பெருக்கலாம். நார்த் தழும்பைக் கரைக்கும் ஆற்றல் எதற்கும் இல்லை. மாத்திரைகளுக்கும் இல்லை. முற்றிலும் அடைபட்டுத் தவிப்பவருக்கு, 'நிறையக் குடித்தால் தள்ளிக்கொண்டு வரும்' என்று செம்பு செம்பாய்த் தண்ணீர் கொடுப்பது அவர் வேதனையைக் கூட்டுவதே ஆகும். அவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அங்கே கீழ்வழியாய்க் குழாய் செல்லவில்லை என்றால் அடிவயிற்றில் சிறு துளையிட்டு வடிப்பார்கள். 'வயிற்றில் ஓட்டை போட்டுவிட்டார்களே' என்று கலங்குவோர் பலர். வலிந்து கீழே குத்திக் கிழிப்பதைவிட அது எவ்வளவோ பாதுகாப்பானது. பின்னர் தேவையில்லை என்று எடுத்துவிட்டால் துளை தானே மூடிக்கொள்ளும்.

குறுகிய வழியை விரிப்பதே மிகப் பழைய சிகிச்சை. சுசுருதர் பெயரால் வழங்கும் நூல், சிறுநீர் வரும் முனை ஒடுங்கிய நிலையில், இருபுறமும் துளையுள்ள உலோகக் குழாயையோ மரக் குழாயையோ நெய் தடவிச் செலுத்தி, சில நாட்களுக்கு ஒருமுறை பருமனைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்கிறது. ஐரோப்பியர் மெழுகு பூசிய துணித் திரிகளைப் பயன்படுத்தினர். இன்றும் அக்கருவிக்கு வழங்கும் 'பூஜி' என்ற பெயருக்குப் பிரெஞ்சு மொழியில் மெழுகுதிரி என்பதே பொருள். மெழுகு ஏற்றுமதிக்குப் பேர்பெற்ற அல்ஜீரியத் துறைமுகம் ஒன்றின் பெயரிலிருந்து அச்சொல் வந்தது. பலிபீடத்தில் எரியும் திரியும் மருத்துவரின் சலாகையும் ஒரே ஊர்ப் பெயரைத் தாங்கியிருப்பது விந்தையே.

விரித்தவுடன் நோயாளிக்குச் சொர்க்கம் கிட்டியது போலிருக்கும். ஆனால் என்ன நிகழ்ந்திருக்கிறது? தழும்பு கிழிந்திருக்கிறது. கிழிந்த இடம் மீண்டும் ஆறும். ஆறும்போது மீண்டும் தழும்பாகும். சில வேளை முன்னைவிட நீளமாகும். 1974-இல் ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் சாக்சே, உள்நோக்குக் கருவியில் சிறு கத்தியைப் பொருத்தித் தழும்பைக் கண்ணால் பார்த்தே கீறும் முறையை வெளியிட்டார். கையுணர்வை மட்டும் நம்பிச் சலாகை விட்டவர்களுக்கு அது பெரும் முன்னேற்றமாய்த் தோன்றியது. அரைமணி நேர வேலை. மறுநாளே வீடு திரும்பலாம். எனினும் 1997-இல் தென்னாப்பிரிக்காவில் 210 ஆண்களிடம் விரிப்பதையும் கீறுவதையும் ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வில், இரண்டுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. 2 சென்டிமீட்டருக்குக் குறைவான குறுக்கங்களில் ஓராண்டுக்குள் 40 விழுக்காடு திரும்பிவந்தன. 4 சென்டிமீட்டருக்கு மேற்பட்டவற்றில் 80 விழுக்காடு திரும்பிவந்தன.

ஆகவே, முதன்முறை வரும் குட்டையான குறுக்கத்துக்கு ஒருமுறை கீறிப் பார்ப்பதில் தவறில்லை. சிலருக்கு அத்தோடு குணமாகிவிடுவதும் உண்டு. இரண்டாம் முறை பயன் குறைகிறது. மூன்றாம் முறைக்குப் பின் நிலையான குணம் கிட்டும் என்று நம்ப இடமே இல்லை. இருந்தும் நம் ஊர்களில் ஐந்து முறை, எட்டு முறை கீறிக்கொண்டவர்களைக் காண்கிறோம். 'சின்ன ஆபரேஷன்தானே' என்ற ஆறுதல் அவர்களை மீண்டும் மீண்டும் அதே கதவுக்கு இழுத்துச் செல்கிறது. கூட்டிப் பார்த்தால் செலவும் சிறிதன்று. அதனினும் பெரிது, முதலில் ஒரு சென்டிமீட்டராய் இருந்த தழும்பு நீண்டு, பின்னால் வரும் உண்மையான அறுவையைக் கடினமாக்கிவிடுவது. இதில் நம் கருத்து உறுதியானது: இரண்டாம் முறை திரும்பி வந்த ஸ்ட்ரிக்சருக்கு, புறவழியைச் சீரமைக்கும் அறுவையில் கைதேர்ந்த மருத்துவர் ஒருவரின் கருத்தைக் கேட்காமல் மூன்றாம் முறை கீறலுக்குச் சம்மதிக்கலாகாது.

பிரிட்டனில் இருநூறுக்கும் மேற்பட்ட ஆண்களைக் கொண்டு நடத்தி 2020-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று நடுநிலையாய் நோக்கத்தக்கது. திரும்பி வந்த குறுக்கமுள்ள அவர்களுள் ஒரு சாராருக்குக் கீறலும் மறுசாராருக்குச் சீரமைப்பு அறுவையும் செய்தனர். ஈராண்டுக் காலத்தில் தொல்லை தணிந்த அளவு இரு சாராருக்கும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் மறுபடி சிகிச்சை தேவைப்பட்டவர்கள், சீரமைப்புப் பெற்றவர்களில் 15 பேர். கீறல் பெற்றவர்களில் 29 பேர். ஆக, உடல்நிலை பெரிய அறுவைக்கு இடந்தராத ஒருவர், திரும்பி வரக்கூடும் என்று அறிந்தே கீறலைத் தேர்ந்துகொண்டால் அதை மூடத்தனம் என்று சொல்ல முடியாது. அறியாமல் தேர்வதுதான் கொடுமை. மருந்து பூசிய பலூனால் விரிக்கும் புதிய முறைக்கு 2021 இறுதியில் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. திரும்பி வந்த குட்டையான குறுக்கங்களில் வெறும் விரிப்பைவிட அது நெடுநாள் தாங்குவதாய் ஆய்வுகள் காட்டுகின்றன.

கன்னத்தின் உட்சவ்வு செய்த உதவி

சீரமைப்பு அறுவை இருவகைப்படும். குறுக்கம் குட்டையாய், வளைவுப் பகுதியில் இருந்தால், தழும்பை முற்றிலும் வெட்டி நீக்கி நல்ல முனைகளை இணைத்துத் தைத்துவிடுவர். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இது பலனளிக்கிறது. குறுக்கம் நீளமாயிருந்தால் முனைகள் எட்டா. அப்போது குழாயை அகலப்படுத்த ஒட்டுத் துணி வேண்டும். அத்துணியைக் கன்னத்தின் உட்புறத்திலிருந்து எடுக்கின்றனர்!

கேட்பவர் வியப்பர். ஆனால் எண்ணிப் பார்த்தால் பொருத்தம் விளங்கும். கன்னத்தின் உட்சவ்வு எந்நேரமும் ஈரத்தில் ஊறியிருக்கப் பழகியது, முடி முளைக்காதது, தடிப்பானது, எளிதில் வேர்பிடிப்பது. உக்ரேனிய மருத்துவர் சபேஷ்கோ 1894-இலேயே இதனைக் கையாண்டார், உலகம் மறந்துவிட்டது. 1941-இல் லண்டனில் ஹம்பி மீண்டும் செய்தார், அதுவும் பரவவில்லை. 1990-களில்தான் ஐரோப்பாவிலும் எகிப்திலும் அது புத்துயிர் பெற்றது. இத்தாலியரான பார்பாலி, ஒட்டினைக் குழாயின் மேற்புறத்தில் பதிக்கும் முறையைப் பரப்பினார். 2001-இல் ஆக்ராவைச் சேர்ந்த அசோபா, குழாயைச் சுற்றிலும் பிரித்தெடுக்காமலே கீழ்ப்புறத்தைத் திறந்து உள்ளிருந்து ஒட்டும் எளிய வழியைக் காட்டினார். பூனாவைச் சேர்ந்த குல்கர்ணி, குழாயின் ஒரு பக்கத்தை மட்டும் பிரித்து மறுபக்கத்து இரத்த ஓட்டத்தைக் காக்கும் முறையை வகுத்தார். இவ்விருவர் முறைகளையும் இன்று பல நாடுகளின் மருத்துவர்கள் கையாளுகின்றனர்.

இங்கே நம் மக்களுக்கு ஓர் எச்சரிக்கை. புகையிலை, பாக்கு, பான் மசாலா மெல்லுவோரின் கன்னச் சவ்வு வெளிறித் தடித்து நாராகிவிடுகிறது. வாயே திறக்க முடியாத நிலைக்குச் சிலர் ஆளாகின்றனர். அத்தகைய வாயிலிருந்து நல்ல ஒட்டு கிடைப்பது அரிது. வாய்க்கும் சிறுநீர் வழிக்கும் என்ன உறவு என்று கேட்டு மருத்துவர் அறிவுரையைத் தட்டிக்கழிப்போருக்கு, உறவு இதுதான்.

அறுவைக்குப் பின் வாய்ப்புண் இரண்டு மூன்று வாரங்களில் ஆறிவிடும். அதுவரை கஞ்சி, ரசம் சாதம், ஆறிய பால் என்று காரமில்லாத மென்மையான உணவே தகும். கதீட்டர் ஏறத்தாழ மூன்று வாரம் இருக்கும். பின்னர் படம் எடுத்துப் பார்த்து அதை நீக்குவர். கழித்தபின் சில சொட்டுகள் உள்ளாடையில் விழுவது பலருக்கு உண்டு. கழித்து முடித்தவுடன் விதைப்பைக்குப் பின்னால் விரல்களால் அழுத்தி முன்னோக்கித் தடவினால் தேங்கியது வெளிவந்துவிடும். தாம்பத்திய உறவில் தளர்ச்சி சில மாதங்கள் இருக்கலாம். பெரும்பாலோருக்கு அது தானே சரியாகிறது. இதை அறுவைக்கு முன்னரே கணவன் மனைவி இருவரையும் வைத்துக்கொண்டு மருத்துவர் பேசிவிடுவது நல்லது. அவர் பேசவில்லை என்றால் மனைவியே கேட்கலாம். அதில் வெட்கத்துக்கு இடமில்லை.

ஒட்டுப் பலமுறை தோற்றவர்களுக்கும் மிக முதியவர்களுக்கும் வேறொரு வழி இருக்கிறது. குறுக்கத்துக்குப் பின்னால், விதைப்பைக்குக் கீழே, சிறுநீர் வெளிவர நிலையான துளை அமைத்துவிடுவர். அவர் உட்கார்ந்து கழிக்க வேண்டும், அவ்வளவுதான். கேட்கும்போது முகம் சுளிப்பவர்கள், செய்துகொண்டபின் நிம்மதியாய் உறங்குகின்றனர். கீறிய பின் தாமே மெல்லிய குழாயை நாள்தோறும் விட்டு வழியைத் திறந்து வைத்துக்கொள்ளும் முறையும் உண்டு. பெரிய அறுவை தாங்காதவர்களுக்கு அது கைகொடுக்கும். இளைஞருக்கு அதையே வாழ்நாள் விதியாக்குவது நியாயமாய்த் தோன்றவில்லை.

இச்சிகிச்சைகளைத் தனியார் மருத்துவமனைகளில் மட்டுமே பெற முடியும் என்று எண்ண வேண்டியதில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் சிறுநீரியல் பிரிவு இயங்குகிறது. காப்பீட்டுத் திட்டத்தில் தம் அறுவைக்கு இடமுண்டா என்பதை அங்குள்ள காப்பீட்டு அலுவலரிடம் குடும்ப அட்டையோடு சென்று கேட்டறியலாம். பழைய படங்கள், கீறல்கள் செய்த தேதிகள், மருத்துவமனைச் சீட்டுகள் அனைத்தையும் ஓர் உறையில் இட்டுக் கொண்டுசெல்வது மருத்துவருக்குப் பேருதவி.

குணமானவர் ஒன்றை மறக்கலாகாது. வேறு ஏதேனும் நோய்க்காகவோ விபத்தாலோ பின்னாளில் மருத்துவமனையில் சேர நேர்ந்தால், கதீட்டர் வைக்க வரும் செவிலியரிடம், 'எனக்கு இந்த வழியில் அறுவை நடந்திருக்கிறது. மெல்லிய குழாயாய் வையுங்கள். எளிதில் செல்லவில்லை என்றால் வலிந்து தள்ளாமல் சிறுநீரியல் மருத்துவரை அழையுங்கள்' என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவர் நினைவின்றிக் கிடக்கும் வேளையில் அதைச் சொல்ல வேண்டியவர் அவருடைய மனைவியோ மகனோதான். ஆகவே, இதனை ஒரு சீட்டில் எழுதி அவருடைய பணப்பையில் வைப்பதோடு, வீட்டிலும் ஒருவருக்கேனும் தெரிவித்து வைத்திருக்க வேண்டும்.